வெர்னா எழுதிய ஜன்னல் காட்சி

என் நாத்தனார் வெர்னா கெம்பர் நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடியும்போது நீங்கள் அவளைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது. அவளும் போய்விட்டாள், ஓட்டிலி பிராக்மனும் போய்விட்டாள். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஓட்டிலிக்குச் சத்தியம் செய்து கொடுத்தது வெர்னாதான். என்னிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், என் சுபாவம் அப்படி.

எங்கள் ஊர் கெல்சோ லேண்டிங்கில் அவளைத் தெரியாதவர் கிடையாது. நாலாம் வகுப்பு டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் புருஷன் வால்டர், அவளுடைய அண்ணன், போருக்குப் போய்த் திரும்பாமல் போனதும் நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சமைத்தால் வீடு தாங்காது என்பார்கள். எங்கள் வீடு தாங்கியது. அவளுக்குச் சமைக்கத் தெரியாது, எனக்கு எழுதத் தெரியாது, அதனால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

பள்ளி நூலக அலமாரியைப் பார்த்துவிட்டு ஒருநாள் கோபமாக வீட்டுக்கு வந்தாள். "ஜனாதிபதி, ஜெனரல், கரடி வேட்டைக்காரன், மறுபடியும் ஜெனரல். இந்த நாட்டுல பொம்பளை யாருமே பொறக்கலையா அண்ணி? எல்லாரும் இவனுங்களுக்குச் சட்டை தைக்கறதுக்குன்னே பொறந்தாங்களா?" என்று தொப்பியைக் கழற்றி எறிந்தாள். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் அவளுடைய எழுத்து. சாராயக் கடைகளை எதிர்த்து நின்றவள், சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்குப் போர்வை கேட்டவள், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் நடந்தவள் என்று பெண்களாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். சிகாகோவில் ஒரு பதிப்பகம் அவற்றைப் பெரிய எழுத்தில், படங்களோடு, பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்டது.

அந்த மாதிரிப் புத்தகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவளான பிறகு நாற்பது வயதில் ஒருத்தி என்ன செய்தாளோ, அதையே பத்து வயதில் சின்னதாகச் செய்திருக்க வேண்டும். முதல் அத்தியாயம் அதுதான். ஆனால் பத்து வயதில் யார் என்ன செய்தார்கள் என்று எவருக்குத் தெரியும்? அதனால் எழுதுகிறவர்களே உண்டாக்குவார்கள். பேச்சையும் உண்டாக்குவார்கள். அவர்கள் தொழிலில் அது பொய் இல்லை. நான் பழம் வைத்துச் சுடும் ‘பை’ அப்பத்துக்கு மாவு தேய்க்கும் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து அவள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள்.

"ஏண்டி, உன் பொண்ணுங்கள்ல ஒருத்தியாவது பக்கத்து வீட்டு ஆப்பிளைத் திருடியிருக்காளா? பல்லு வலிக்குதுன்னு ஊரைக் கூட்டியிருக்காளா? எல்லாம் தொட்டில்லயே நீதி நியாயம் பேசுதுங்களே" என்று சீண்டுவேன்.

"நீங்க மாவைத் தேய்ங்க அண்ணி" என்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைகளுக்கு நிறையப் பெயர்கள் ஞாபகம் இருக்காது என்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே ஆளாக ஆக்கிவிடுவார்கள். வெர்னாவை விழ வைத்தது அந்த வழக்கம்தான். இல்லை, அப்படிச் சொன்னால் தப்பு. விழுந்தது அவளேதான்.

எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய பெண்மணி பிறந்திருந்தாள், கோரா ஹாஸ்லெட். ஆற்றுச் சிப்பியில் பொத்தான் அறுக்கும் தொழிற்சாலையில் சின்ன வயதில் வேலை பார்த்தவள். பின்னால் படித்து, மாநிலத் தலைநகரான டெ மொய்ன் நகரத்துச் சட்டசபை வாசலில் வருஷக்கணக்காக நின்று, பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் கொண்டுவர வைத்தவள். போருக்கு முன்பே காலமாகிவிட்டாள். எல்லா ஊர்ப் பெண்களையும் எழுதிவிட்டு நம்ம ஊர்க்காரியை விட்டுவிட்டோமே என்று வெர்னாவுக்கு உறுத்தல். கோராவைப் பத்து வயதில் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடினாள். ஒருத்திதான் இருந்தாள், ஓட்டிலி பிராக்மன். அருவித் தெருவில் தனியாக இருந்த விதவை. பிள்ளைகுட்டி இல்லை. இரண்டு பேரும் அந்தக் காலத்தில் ஒரே ஜன்னலோரம் உட்கார்ந்து அட்டையில் பொத்தான் தைத்தவர்கள், அது ஊருக்கே தெரியும்.

வெர்னாவுக்குக் கார் ஓட்ட வராது. நான்தான் கூட்டிப்போவேன். ஓட்டிலி காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வாய் ஓயாமல் சொன்னாள். சிப்பித்தூள் தொண்டையில் அடைத்துக்கொண்டு இருமிய இருமல், ஊற வைத்த சிப்பியின் நாற்றம், ஃபோர்மேனின் மீசையைக் கேலி செய்து பாடிய பாட்டு, எல்லாம். ஜன்னல் கதையை மட்டும் சுருக்கிச் சொன்னாள்.

"காத்துல பொத்தான் பறக்குதுன்னு ஜன்னலை ஆணி அடிச்சு மூடிட்டான். தூசியில மூச்சு முட்டிப் போச்சு. பிள்ளைங்க ஆணியைப் புடுங்கித் திறந்துடுச்சுங்க. ஃபோர்மேன் வந்து யாருன்னு கேட்டான். யாரோ சொல்லிட்டாங்க. ஒரு அறை விழுந்துச்சு, ஒருத்திக்கு வேலை போச்சு. அவ்ளோதான்."

"யாரு சொன்னது ஓட்டிலிம்மா?"

"விடு வெர்னா. எல்லாம் மூக்கு ஒழுகுற வயசு. காப்பி ஆறுது பாரு."

வெர்னாவுக்கு இது போதாதா! முதல் அத்தியாயம் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆணியைப் பிடுங்கியவள் கோரா, அறை வாங்கியவளும் கோராதான் என்று முடிவு கட்டிவிட்டாள். கூட ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்னும் தோழியாக ஓட்டிலியை வைத்தாள். கோள் சொல்வதற்கு மின்னி என்று ஒரு பெண்ணைத் தானாக உண்டாக்கினாள். படித்துக் காட்டினாள், நன்றாகத்தான் இருந்தது. புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்தால் ஓட்டிலி எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று எங்கள் இருவருக்கும் ஒரே பூரிப்பு.

சிகாகோவிலிருந்து பதிப்பாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த அத்தியாயத்தில் சின்னப்பெண்கள் அதிகமாக இருக்கிறார்கள், மின்னியையும் ஓட்டிலியையும் ஒன்றாக்கிவிடுங்கள் என்றார். தோழியே காட்டிக்கொடுத்தாள், கோரா அவளை மன்னித்தாள் என்று வந்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும் என்றார். வெர்னாவுக்கும் அது சரியென்றே பட்டது. மாற்றி எழுதிப் படித்துக் காட்டினாள். நான் மாவுக் கட்டையைக் கீழே வைத்தேன்.

"பேரையாவது மாத்துடி. அந்தம்மா உசுரோட இருக்கா."

"மாத்துறேன் அண்ணி."

மாற்றவில்லை. அச்சாகி வந்ததும் நான் முகத்துக்கு நேரே கேட்டேன். பள்ளியில் காய்ச்சல் சீசன், வேலை நெருக்கடி, மறந்துவிட்டேன் என்றாள். நான் நம்பினேன். மறக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வேறு எத்தனையோ பெயரைப் போட்டுப் பார்த்தாளாம். "ஓட்டிலிங்கற பேரு அந்த வாக்கியத்துல உக்காந்த மாதிரி வேற எதுவும் உக்காரல அண்ணி" என்று ஒருநாள் அழுதுகொண்டே சொன்னாள். நல்லா இருக்கிறது நியாயம்! வாக்கியம் உட்கார வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷியைக் குப்புறத் தள்ளினாள்.

ஓட்டிலியிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் புரட்டினாள். ஜன்னல் படம் வந்த இடத்தில் ரொம்ப நேரம் நிறுத்தினாள்.

"படம் நல்லா போட்டிருக்காங்க" என்றாள். வெர்னா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள், அவளுக்கு அப்படி எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

புத்தகம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போயிற்று. எங்கள் ஊரில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் காட்சியை நாடகமாகப் போட்டார்கள். கோராவாக நடிக்க அடிதடி, ஓட்டிலியாக நடிக்க ஒருத்தியும் முன்வரவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அகப்பட்ட பெண் வீட்டுக்குப் போய் அழுதாளாம். அதற்குப் பிறகு ஓட்டிலி கடைக்குப் போனால், சைக்கிளில் போகிற வாண்டுகள் "கோள்மூட்டி ஓட்டிலி, ஜன்னலைச் சாத்து ஓட்டிலி" என்று பாட்டாகவே பாடின. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெரியவர்களும் சிரித்துக்கொண்டு, "என்ன ஓட்டிலி, இன்னிக்கு யாரைப் பத்திச் சொல்லப் போறே?" என்றார்கள். கேலிதான், ஆனால் எத்தனை நாளைக்குத் தாங்குவது?

வெர்னாவின் காதுக்கு இது எட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். எட்டியது. பிள்ளைகளை அதட்டினாள், கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்றாள். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பலகாரம் வாங்கப் போகும் ஹாலோவீன் அன்று சாயங்காலம்தான் அவளுக்கு உறைத்தது. வருஷா வருஷம் ஓட்டிலி அந்த நாளுக்கு மிளகும் ஏலமும் போட்டுச் சின்னச் சின்ன ஜெர்மன் பிஸ்கட் சுடுவாள். பிள்ளைகள் முதலில் ஓடுவது அவள் வீட்டுக்குத்தான். அன்று நாங்கள் அந்தத் தெரு வழியாகக் காரில் வந்தோம். பேயும் சூனியக்காரியுமாக வேஷம் போட்ட கூட்டம் வரிசையாக ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறியது, ஓட்டிலி வீடு வந்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போயிற்று. அவள் வராந்தா விளக்கைப் போட்டுக்கொண்டு, மடியில் நிறைந்த தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்கள் காரைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாள்.

"நிறுத்துங்க அண்ணி" என்றாள் வெர்னா. நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. "போங்க" என்றாள். வீடு வரைக்கும் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதை எடுத்தாலும் கீழே போட்டாள். "நான் அந்தம்மாவைக் கொன்னுட்டேன் அண்ணி, உசுரோட கொன்னுட்டேன்" என்று கழுவும் தொட்டியைப் பார்த்துப் பேசினாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

ஊரில் புதுப் பள்ளிக்கூடம் கட்டிக் கோரா ஹாஸ்லெட் பெயரை வைத்திருந்தார்கள். நவம்பரில் திறப்பு விழா. வெர்னா மேடையில் ஜன்னல் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த மேடையிலேயே ஓட்டிலி குற்றமற்றவள் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள். முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேள் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டிலி எங்களைச் சமையலறையில் உட்கார வைத்தாள். வெர்னா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். பெயரை வேண்டுமென்றே விட்டுவைத்ததையும் சொன்னாள். அழுதாள். "விழாவுல எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன் ஓட்டிலிம்மா. நீங்க கோள் சொல்லலன்னு சொல்லிடுறேன்."

"சொல்லாத" என்றாள் ஓட்டிலி.

"ஏன்?"

"நான் இல்லன்னா வேற யாருன்னு கேப்பாங்க. அந்த ஜன்னல்கிட்ட இருந்தது நாங்க ரெண்டு பேருதான். ஊருக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாதா? நீதானே சொல்லிக்கொடுத்த."

எனக்குப் புரிந்துவிட்டது. வெர்னாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கோராவா?"

"அவ அப்பா ஆத்துல மூழ்கிப் போய் ஒரு மாசம்கூட ஆகல. வீட்டுல நாலு சின்னதுங்க. ஃபோர்மேன் அவ காதைப் புடிச்சுத் திருகினான். பயந்துட்டா. 'ஓட்டிலிதான் சார்'னு சொல்லிட்டா. ரெண்டு பேருமா சேர்ந்துதான் புடுங்கினோம். நான் அவ பேரைச் சொல்லல. அடிச்சான், வெளிய போன்னான், போனேன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், மளிகைக் கடைக்குப் போய் வந்த கதை மாதிரி. "படிச்சு முடிச்சப்புறம் ஒரு தடவை வந்தா. இதோ நீ உக்காந்திருக்கற நாற்காலிலதான் உக்காந்தா. ஒண்ணும் பேசல. அழுதா, காப்பி குடிச்சா, போயிட்டா. அப்புறம்தான் டெ மொய்ன்ல போய் அந்தக் கத்து கத்தினா. எனக்கு அது போதும்னு விட்டுட்டேன். இத்தனை பிள்ளைங்க தூசி தின்னாம பள்ளிக்கூடம் போகுதுங்க. அவ பேரைக் கெடுக்காத. சத்தியம் பண்ணு."

"உங்க பேரு?"

"எனக்கென்ன, இன்னும் எத்தனை நாளு. சத்தியம் பண்ணு வெர்னா."

பண்ணினாள். நான் காப்பிக் கோப்பையை அலசிக்கொண்டிருந்தேன். ஓட்டிலி என்னை ஒரு ஆளாகவே நினைக்கவில்லை போலிருக்கிறது.

அதன்பிறகு வீட்டில் வெர்னா படுத்திய பாடு! சொன்னால் கோரா பேர் போகும், சொல்லாவிட்டால் ஓட்டிலி பேர் போகும். இரண்டுமே அவள் எழுதி வைத்த வினை. அந்தப் பக்கத்தைப் படிக்காதே, வேறு அத்தியாயம் படி என்று நான் சொன்னேன். "படிக்காட்டி மட்டும் பிள்ளைங்க மறந்துடுமா அண்ணி?" என்றாள். அதுவும் சரிதான்.

விழா அன்று புதுப் பள்ளியின் கூடம் நிறைந்து வழிந்தது. மேயர், பாதிரியார், கல்வி அதிகாரி எல்லாரும் முன்வரிசையில். ஓட்டிலியைக் கோராவின் பால்ய தோழி என்று அழைத்து அவளையும் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். பழுப்பு நிறக் கோட்டு, சிப்பிப் பொத்தான் தைத்தது. முதலில் நாடகம். ஓட்டிலியாக வந்த சின்னப்பெண் ஒரு விரலை நீட்டி, "கோராதான் சார் திறந்தா!" என்று கீச்சிட்டாள். கூடம் முழுக்கப் பிள்ளைகள் "ஊ... ஊ..." என்று கத்தினார்கள். பெரியவர்கள் சிரித்தபடி ஓட்டிலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டு கைதட்டினாள்.

வெர்னா மேடை ஏறினாள். புத்தகத்தைப் பிரித்தாள், மூடினாள்.

"பிள்ளைங்களா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஓட்டிலி பிராக்மன் யாரையும் காட்டிக்கொடுக்கல. அது பொய். அவங்க பேரை எழுதினது என் குத்தம்."

மூன்றாம் வரிசையில் ஒரு பெண்குழந்தை கையைத் தூக்கியது, வகுப்பில் தூக்குவது மாதிரி. "அப்போ யாரு சொன்னது மிஸ்?"

இதைத்தானே ஓட்டிலி சொன்னாள்! வெர்னா அந்தக் குழந்தையைப் பார்த்தாள், ஓட்டிலியைப் பார்த்தாள். ஓட்டிலி லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"யாரும் சொல்லல" என்றாள் வெர்னா. "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. ஆணி அடிச்ச ஜன்னலும் இல்ல, யாரும் திறக்கவும் இல்ல, யாரும் யாரையும் அடிக்கவும் இல்ல. எல்லாம் நானா உண்டாக்கினது. உங்களை ஏமாத்தினது நான் ஒருத்திதான்."

எவ்வளவு பெரிய கல்லைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாள் பாருங்கள்! கல்வி அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பின்னால் யாரோ, "இவளையா நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ல விட்டோம்?" என்றார்கள். எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டாள், தன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்து மூக்கைச் சிந்தினேன். அந்த வாரமே நாடகத்தை நிறுத்தினார்கள். பள்ளியில் அவளை விடுப்பில் போகச் சொன்னார்கள். சிகாகோ பதிப்பகம் அவளுடைய எல்லாப் புத்தகங்களையும் நிறுத்திவிட்டது, சிறைச்சாலைக்காரி, சாராயக்காரி எல்லாரும் அதோடு போனார்கள். வெர்னா அதற்கெல்லாம் கலங்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஓட்டிலி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நடந்தே வந்திருந்தாள். தெருவில் பிள்ளைகள் குட் மார்னிங் சொன்னார்கள் என்றாள். வெர்னா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியத்தை மீறல ஓட்டிலிம்மா. உங்க பேரும் சுத்தமாயிடுச்சு."

"ஆமா வெர்னா. நல்லது பண்ணின. எனக்காக உன்னையே கெடுத்துக்கிட்ட. நான் நன்றி சொல்லத்தான் வந்தேன்."

ஆனால் அவள் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றவும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னவோ தேடுகிற மாதிரி தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன், கோவிச்சுக்காத. கோள்மூட்டின்னு கத்தினாங்களே, அப்பக்கூட எனக்கு ஒண்ணும் ஆகல. கத்தட்டும், எனக்குத் தெரியும் நான் என்ன பண்ணினேன்னு, நினைச்சுக்குவேன். நான் ஒண்ணும் பெரிய மனுஷி இல்ல. பொத்தான் தைச்சேன், கல்யாணம் பண்ணினேன், துணி துவைச்சேன். அந்த ஒரு நாளுதான் எனக்கு. அவன் அடிச்சான், நான் வாயைத் திறக்கல." அவள் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "நீ ஊர் முன்னாடி அது நடக்கவே இல்லன்னுட்ட. இப்ப ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகமா இருக்கு வெர்னா. நடந்துச்சா, நடந்துச்சுதானே?"

"நடந்துச்சு ஓட்டிலிம்மா" என்றாள் வெர்னா.

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் ஓட்டிலி.